செல்ல நாயின் உடம்பில் கட்டியா? பதறவும் வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம்!

நாய் வளர்க்கிற வீடுகளில் என்றாவது ஒருநாள் இது நடந்தே தீரும். குளிப்பாட்டும்போதோ, சாவகாசமாக முதுகைத் தடவிக் கொடுக்கும்போதோ, நம் கையில் ஏதோ ஒன்று தட்டுப்படும். போன மாதம் வரை இல்லாத ஒரு உருண்டை! உடனே நமக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். "ஐயோ, கான்ஸராக இருக்குமோ?" என்று மனசு அடித்துக்கொள்ளும்.

வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் கிளம்பும். "வயசானா வர்றதுதான், விடு" என்பார் மாமனார். "சுண்ணாம்பும் வெல்லமும் குழைச்சுத் தடவு, பழுத்து உடைஞ்சிடும்" என்பார் எதிர் வீட்டு அம்மாள். "குதிரை மயிரால இறுக்கிக் கட்டிடுங்கம்மா, தானா அறுந்து விழுந்துடும்" என்பார் பால்காரர். கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் கேட்கவே வேண்டாம். "முதல்ல அந்த நாயை எங்கேயாவது கொண்டு விட்டுட்டு வாங்க!" என்று உத்தரவே பிறந்துவிடும்.

இத்தனை பேச்சுக்கும் நடுவில் நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். நாய்களின் தோலில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை உயிருக்கு ஆபத்தில்லாதவை. ஆனால் ஆபத்தில்லாதது எது, ஆபத்தானது எது என்பதைக் கண்ணால் பார்த்தோ, விரலால் தடவியோ சொல்லிவிட முடியாது. சொல்லக்கூடியது ஒரு சின்ன ஊசி. எங்கள் வீட்டு லாப்ரடார் ஜிம்மியை மூன்று தடவை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதில் நான் தெரிந்துகொண்ட சங்கதிகளை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கட்டிகளில்தான் எத்தனை வகை!

எங்கள் டாக்டரம்மா கட்டிகளை இரண்டே ஜாதியாகப் பிரிப்பார். ஒன்று சாதுக் கட்டி. இன்னொன்று துஷ்டக் கட்டி. சாதுக் கட்டி இருந்த இடத்திலேயே மெதுவாக வளரும். உடம்பின் மற்ற பாகங்களுக்குப் பரவாது. துஷ்டக் கட்டி அக்கம்பக்கத்துச் சதையில் வேர் விடும். ரத்தம், நிணநீர் வழியே வேறு இடங்களுக்கும் போகும்.

சாதுக் கட்டிகளில் அடிக்கடி காண்பது கொழுப்புக் கட்டி. டாக்டர்கள் இதை லைப்போமா என்பார்கள். நடு வயசு தாண்டிய நாய்களுக்கு, அதிலும் கொஞ்சம் பருமனான நாய்களுக்கு, நெஞ்சிலும் விலாவிலும் வயிற்றிலும் வரும். லாப்ரடார், டாபர்மேன் ஜாதிகளுக்கு அதிகம். தொட்டால் சப்பாத்தி மாவு உருண்டை மாதிரி மெத்தென்று இருக்கும், அசைத்தால் தோலுக்கடியில் நழுவும், வலிக்காது.

அடுத்தது மரு. வயசான நாய்களுக்கு, குறிப்பாக பூடில், காக்கர் ஸ்பானியல் ஜாதிகளுக்கு, தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள் பருத்து, சின்னக் காலிபிளவர் மொட்டு மாதிரி நிற்கும். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. முடி வெட்டும்போது கத்தரி பட்டால் ரத்தம் வரும், அவ்வளவுதான்.

நீர்க்கட்டி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் ஒரு வகை, முடி முளைக்கும் துளை அடைபட்டு உண்டாவது. உள்ளே பழுப்பும் சாம்பலுமாகப் பாலாடைக்கட்டி மாதிரி ஒரு பொருள் இருக்கும். இதைப் பிதுக்கவே கூடாது. வெளியே வருவதற்குப் பதில் தோலுக்குள்ளேயே உடைந்து, இடமே வீங்கிச் சிவந்துவிடும்.

சின்ன வயசு நாய்களுக்கு வருகிற வேடிக்கையான கட்டி ஒன்று உண்டு. ஹிஸ்டியோசைட்டோமா என்று வாய்க்குள் நுழையாத பெயர்! பெரும்பாலும் 3 வயசுக்குள் இருக்கும் நாய்களுக்கு முகத்திலோ காதிலோ காலிலோ, சட்டைப் பொத்தான் மாதிரி வட்டமாக, முடியில்லாமல் சிவப்பாகக் கிளம்பும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் வந்த சுவடு தெரியாமல் தானே போய்விடும்.

கட்டியே இல்லாமல் நம்மை ஏமாற்றுகிறவையும் உண்டு. ரத்தம் குடித்து உப்பிய உண்ணி, மரு மாதிரியே தெரியும். ஆண் நாய்க்கும் வயிற்றில் பால்காம்புகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதைப் பார்த்துக் கலங்கி டாக்டரிடம் வருகிறவர்களும் இருக்கிறார்களாம்! தடுப்பூசி போட்ட இடத்தில் சின்ன முடிச்சு ஒன்று சில வாரம் நின்று கரையலாம். ஒரு மாதம் ஆகியும் கரையாவிட்டால் காட்டிவிட வேண்டும். சூடாக, தொட்டால் வலித்தால், அது சீழ்க்கட்டியாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

சின்ன ஊசி, பெரிய நிம்மதி

ஜிம்மிக்கு 7 வயசானபோது வலது விலாவில் எலுமிச்சம்பழ அளவு ஒன்றும், இடது முன்னங்கால் அக்குளில் நெல்லிக்காய் அளவு ஒன்றும் தட்டுப்பட்டன. டாக்டரம்மா இரண்டையும் தடவிப் பார்த்தார்.

"கொழுப்புக் கட்டி மாதிரிதான் இருக்கும்மா. ஆனா என் விரலுக்குக் கண்ணு கிடையாதே! ஊசி போட்டுப் பார்த்துடலாம்" என்றார்.

எனக்கு உள்ளூர ஒரு பயம். "குத்தினா பரவிடும்னு சொல்றாங்களே, டாக்டர்?"

"தோல் கட்டியில அந்தப் பயமே வேண்டாம். என்னன்னு தெரியாம வெச்சுக்கிட்டு இருக்கிறதுதான் ஆபத்து."

தடுப்பூசி போடுவதற்கு எடுக்கிற அதே மாதிரி மெல்லிய ஊசிதான். மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. ஊசியைக் கட்டிக்குள் செருகி, முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை அசைத்து எடுக்கிறார்கள். ஊசிக்குள் வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தெளித்துப் பரப்பி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். ஜிம்மியின் தலையை நான் அணைத்துக்கொண்டு நின்றேன். அவன் என் கையிலிருந்த பிஸ்கட்டைக் கவனித்தானே தவிர, ஊசியைக் கவனிக்கவில்லை!

கொழுப்புக் கட்டியானால் தகட்டின் மேல் எண்ணெய்த் துளிகள் பளபளவென்று நிற்கும். ஜிம்மியின் இரண்டு தகடுகளிலும் அப்படித்தான் இருந்தது. டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலும் பார்த்து உறுதி செய்தார். சில சமயம் ஊசியில் வெறும் ரத்தம் மட்டுமே வரும், அல்லது போதுமான செல்கள் கிடைக்காது. அப்போது கட்டியில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். அதைத்தான் பயாப்ஸி என்கிறார்கள்.

எந்தக் கட்டிக்கு ஊசி, எதற்கு வேண்டாம் என்று நாம் குழம்பத் தேவையில்லை. அமெரிக்காவில் நாய் பூனைகளுக்குப் புற்றுநோய் வைத்தியம் செய்யும் டாக்டர் சூ எட்டிங்கர் என்ற பெண்மணி, எல்லோருக்கும் புரிகிற மாதிரி ஒரு கணக்கு வைத்திருக்கிறார். கட்டி ஒரு பட்டாணி அளவு, அதாவது 1 செ.மீ. இருந்தால், அல்லது ஒரு மாதமாக அங்கேயே இருந்தால், ஊசி போட்டுப் பார்த்துவிட வேண்டும். சமையலறையில் இருக்கும் நமக்குப் பட்டாணி அளவு தெரியாதா, என்ன?

மூன்றாவது உருண்டை

ஜிம்மிக்கு 9 வயசானபோது பின்னந்தொடையில் இன்னொரு உருண்டை. பட்டாணியை விடக் கொஞ்சம் பெரிசு. தொட்டால் பழைய கட்டிகள் மாதிரியே மெத்தென்று இருந்தது.

"அதான் கொழுப்புன்னு தெரிஞ்சு போச்சே, இதுக்கு வேற எதுக்கு டாக்டர்?" என்றார் என் கணவர்.

ஆனால் டாக்டரம்மா முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார். "ஒரு கட்டிக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட் இன்னொரு கட்டிக்குச் செல்லாது. புதுசா எது வந்தாலும் அதுக்குத் தனி ஊசி." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன்.

இந்தத் தடவை தகட்டில் எண்ணெய்த் துளி இல்லை. மாஸ்ட் செல் கட்டி என்றார்கள். நாய்களின் தோலில் வருகிற துஷ்டக் கட்டிகளில் அதிகம் காணப்படுவது இதுதானாம். இது ஒரு பகல்வேஷக்காரன். கொழுப்புக் கட்டி மாதிரியும் வரும். மரு மாதிரியும் வரும். பூச்சி கடித்த தடிப்பு மாதிரியும் வரும். இன்றைக்குப் பெரிசாக இருக்கும், நாளைக்குச் சிறுத்துவிடும். நாமும் "வத்திப் போச்சு" என்று சந்தோஷப்பட்டு விட்டுவிடுவோம். இதை அழுத்திப் பிசைந்தால் அதிலிருந்து ஹிஸ்டமின் என்ற பொருள் வெளிப்பட்டு, சுற்றிலும் சிவந்து வீங்கும். எந்தக் கட்டியையும் பிசையக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

முன்கூட்டியே தெரிந்ததால் என்ன லாபம் என்று கேட்கலாம். கொழுப்புக் கட்டியானால் பழத்திலிருந்து கொட்டையை எடுப்பது போல் அதை மட்டும் எடுத்தால் போதும். மாஸ்ட் செல் கட்டியை அப்படி எடுத்தால் வேர் மிஞ்சிவிடும். சுற்றிலும் இரண்டு மூன்று செ.மீ. நல்ல தோலையும், அடியில் ஒரு படலத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஜிம்மிக்கு அப்படித்தான் எடுத்தார்கள். ஓரங்களில் நோய் இல்லை, தீவிரம் குறைந்த வகை என்று சோதனைச்சாலை அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. சௌக்கியமாக இருக்கிறான்.

கைக்குழந்தை இருக்கிற வீடு

என் நாத்தனார் மகள் மதுரையிலிருந்து ஒருநாள் போன் செய்து அழுதாள். மூன்று மாதக் குழந்தை இருக்கிற வீடு. ஆறு மாத ராஜபாளையம் குட்டி ஒன்றும் இருக்கிறது. அதன் உதட்டிலும் வாய்க்குள்ளும் கொத்துக் கொத்தாக மரு.

"அத்தை, குழந்தைக்கு ஒட்டிக்கும்னு மாமியார் பயப்படறாங்க. ஞாயித்துக்கிழமை அதைத் தோட்டத்துல கொண்டு விட்டுடலாம்னு பேசிக்கிட்டிருக்காங்க."

"இருடி, அவசரப்படாதே. அதுக்குள்ள ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு வா. உங்க மாமியாரையும் கூடவே கூட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

மாமியாரையும் அழைத்துப் போனதுதான் நல்லதாயிற்று. டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பாப்பிலோமா என்ற வைரஸ் மரு என்றார். குட்டிகளுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி முழுசாக வராததால் வருவது. ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும். சாப்பிடும் தட்டு, கடித்து விளையாடும் பொம்மை வழியாகவும் தொற்றும். ஆனால் மனிதர்களுக்குத் தொற்றாது. பூனைக்கும் தொற்றாது. பொதுவாக ஒன்றிலிருந்து ஐந்து மாதத்துக்குள் தானே உதிர்ந்துவிடும். சாப்பிட முடியாத அளவுக்குப் பெருகினால்தான் வைத்தியம்.

இரண்டரை மாதத்தில் குட்டியின் வாய் சுத்தமாகிவிட்டது. மாமியார்தான் இப்போது அதற்குச் சோறு பிசைந்து வைக்கிறாராம்!

இளம் தாய்மார்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாயின் தோலில் வரும் கொழுப்புக் கட்டி, மரு, நீர்க்கட்டி எதுவும் குழந்தைக்கு ஒட்டாது. துஷ்டக் கட்டியும் ஒட்டாது. கட்டி உடைந்து நீரோ சீழோ வடிந்தால் மட்டும் குழந்தையைக் கிட்டே விடாமல், தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். முடி உதிர்ந்து வட்ட வட்டமாகப் படை வந்தால் அது வேறு சமாசாரம். படர்தாமரை நமக்கும் வரும். அதையும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

கை வைத்தியம் வேண்டாம்

சுண்ணாம்பும் எருக்கம்பாலும் தோலைப் புண்ணாக்கும். நாய் அதை நக்கினால் வாயும் வெந்துவிடும். நூலாலோ முடியாலோ இறுக்கிக் கட்டினால் வலியும் புண்ணும்தான் மிச்சம். நம் ஊர் வெயிலில் அந்தப் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். வெட்டி எறிந்துவிட்டால் அது என்ன கட்டி என்பதும் தெரியாமல் போய்விடும்.

வீட்டில் மிச்சம் இருக்கிற ஸ்டீராய்டு களிம்பைத் தடவாதீர்கள். துஷ்டக் கட்டி சில தற்காலிகமாகச் சுருங்கி, டாக்டரையே ஏமாற்றிவிடும். நமக்குப் போடுகிற வலி மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள். ஐபுபுரொஃபென் நாய்க்கு விஷம்.

ஆபரேஷன் எப்போது?

சாதுக் கட்டி என்று தெரிந்துவிட்டால் எல்லாவற்றையும் வெட்டி எடுக்க வேண்டியதில்லை. ஜிம்மியின் விலாக் கட்டியை அப்படியே விட்டுவிட்டோம். அக்குளில் இருந்தது மட்டும் எட்டு மாதத்தில் முட்டை அளவுக்கு வளர்ந்து, நடக்கும்போது காலை அகட்டி வைக்க ஆரம்பித்தான். அதை எடுக்கச் சொன்னார்கள். நடை தடைப்பட்டால், திரும்பத் திரும்ப உரசிப் புண்ணானால், வேகமாக வளர்ந்தால், அப்போதுதான் கத்தி.

ஆபரேஷனுக்கு முதல் நாள் இரவிலிருந்து எதுவரை சாப்பாடு, எதுவரை தண்ணீர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடுத்த கட்டியைச் சோதனைச்சாலைக்கு அனுப்பச் சொல்லுங்கள். குப்பையில் போட விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் புனல் மாதிரி பிளாஸ்டிக் வளையம் மாட்டுவார்கள். "பாவம்" என்று இரக்கப்பட்டுக் கழற்றினால், அரை மணி நேரத்தில் தையலைப் பிரித்துவிடும். பெரிய கட்டி எடுத்த இடத்தில் நீர் கோத்து வீங்கலாம், பயப்படாமல் காட்டுங்கள். தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். ஜிம்மிக்குப் பன்னிரண்டாம் நாள் பிரித்தார்கள்.

சென்னையில் 1903-ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளிலும் நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால், ஊசி எடுத்து எங்கே சோதிக்கலாம் என்று வழி சொல்வார்கள்.

மாதம் ஒருமுறை, பத்தே நிமிஷம்

மாதப் பிறப்பன்று ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். முகம், காது மடல், கன்னம், கழுத்து, அக்குள், நெஞ்சு, வயிறு, தொடை இடுக்கு, கால் விரல் சந்து, வால் என்று வரிசையாக விரல் நுனியால் தடவிக்கொண்டே போங்கள். வாயையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெண் நாயானால் பால்காம்புகளைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஒரு காகிதத்தில் நாயின் படம் வரையச் சொன்னால் குழந்தைகள் ஆசையாக வரைந்து கொடுப்பார்கள். கட்டி இருக்கிற இடத்தில் புள்ளி வைத்து, தேதியும் அளவும் எழுதுங்கள். தையல் டேப் இருந்தால் செ.மீ. கணக்கு, இல்லாவிட்டால் மிளகு, பட்டாணி, கொண்டைக்கடலை, நெல்லிக்காய் என்று எழுதினாலும் போதும். "எப்போ வந்தது, எவ்வளவு வளர்ந்தது?" என்று டாக்டர் கேட்கும்போது விழிக்க வேண்டாம்.

மிச்சம் மீதி நெய்ச் சோற்றையும் பிஸ்கட்டையும் நாய்க்குப் போடும் வழக்கத்தைக் குறையுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டாம். தடவினால் விரலுக்குத் தெரிய வேண்டும். அதுதான் சரியான உடம்பு. 38 கிலோ இருந்த ஜிம்மியை நாங்கள் ஏழு மாதத்தில் 33 கிலோவுக்குக் கொண்டு வந்தோம். மெலிந்ததால் கட்டி கரைந்துவிடவில்லை. ஆனால் மயக்க மருந்து கொடுக்கவும், ஆபரேஷன் செய்யவும் சுலபமாக இருந்தது என்று டாக்டரம்மா சொன்னார்.

இவற்றைக் கண்டால் ஒரு மாதம் காத்திருக்காதீர்கள்

• நாளுக்கு நாள் வேகமாக வளரும் கட்டி, அல்லது பெருத்துச் சிறுத்து மாறி மாறித் தெரியும் கட்டி.

• கல் மாதிரி இறுகி, அடியோடு ஒட்டி, அசையாத கட்டி.

• உடைந்து ரத்தம் வடியும், ஆறாத கட்டி.

• பெண் நாயின் பால்காம்புப் பக்கம் வரும் எந்தக் கட்டியும். இவற்றில் ஏறக்குறைய பாதி துஷ்டக் கட்டியாக இருக்கும்.

• தாடைக்கு அடியிலும், தோள் முன்னாலும், முழங்காலுக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நெறி கட்டினால்.

• கட்டியோடு சாப்பாடு குறைந்து, உடம்பு மெலிந்து, வாந்தியோ கறுப்பு மலமோ இருந்தால்.

நாய்க்கு வாய் இல்லை. வலிக்காத கட்டியை அது நமக்குக் காட்டவும் செய்யாது. அதைக் கண்டுபிடிப்பது நம் விரல்களின் வேலை. அது என்ன என்று சொல்வது ஊசியின் வேலை. அந்த இரண்டையும் முறையாகச் செய்துவிட்டால், பாதி வீடுகளில் பயம் தேவையில்லாமல் போகும். மீதி வீடுகளில் வைத்தியம் காலத்தில் கிடைக்கும்.